வந்தவங்க குடம்

சொந்த வீட்டுத் தண்ணீரைப் போத்தலில் பிடிக்கத் தனுஜாவுக்குத் தகுதி இல்லை என்று முடிவு செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. படித்தவர்கள், மரியாதை தெரிந்தவர்கள், பேச்சுக்குப் பேச்சு நன்றி சொல்லுகிறவர்கள். அதனால்தான் வயிறு இன்னும் கூடுதலாக எரிகிறது. கெட்டவன் செய்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். நல்லவர்கள் கூடிச் செய்வதை யாரிடம் போய்ச் சொல்வது?

பதுளையிலிருந்து பசறை ரோட்டில் பஸ் ஏறி, ஒரு கொண்டை ஊசி வளைவில் இறங்கி, தேயிலைக்குள்ளே நடந்தால் ஊசிக்கல் தோட்டம் வரும். அதில் மலையின் அடிவாரத்தில் தொழிலாளர் குடியிருக்கிற வீட்டு வரிசை பணிய லயம், அதாவது கீழ் லயம். மேலே எது நடந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும்: மண்ணும் வரும், மழையும் வரும், மருந்தும் வரும். தனுஜா பிறந்து வளர்ந்தது அந்த லயத்தின் கடைசி ஒற்றை அறை வீட்டில், கடைசிக் காம்பராவில். அப்பா மாடசாமிக்குப் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. முதுகில் டாங்கியைச் சுமந்துகொண்டு மலை மலையாக அடித்துவிட்டு, பொழுது சாயும்போது அந்த டாங்கியை மேல் கானில், மலைச்சரிவு வடிகாலில் கழுவிக் கவிழ்த்து வைப்பார். அங்கேதான் கழுவச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கான் போய் விழுகிற ஓடையில்தான் பணிய லயத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற தொட்டி இருந்தது. பென்சன் வயது வருவதற்குள் மாடசாமி போய்ச் சேர்ந்துவிட்டார். எதனால் செத்தார் என்று எந்த டாக்டரும் விளக்கமாகச் சொல்லவில்லை. கொழுந்தெடுக்கிறவளின் புருஷன் எதனால் செத்தால் யாருக்கு என்ன?

தனுஜா கேட்டாள். ஏ.எல். படிக்கும்போது அவள் கேட்க ஆரம்பித்த கேள்விதான் அவளைக் கம்பஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. மழை பெய்த மறுநாள் குழாயில் தேயிலைச் சாயம் மாதிரி ஏன் வருகிறது? பணிய லயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஓயாமல் வயிற்றோட்டம்? பதுளை ஆஸ்பத்திரி வார்டில் ஊசிக்கல் பிள்ளைகளை நர்ஸ்மாருக்குப் பெயர் சொல்லித் தெரியும். மற்றப் பிள்ளைகள் டாக்டராக, டீச்சராக ஆசைப்பட்டபோது இவள் சுற்றாடல் விஞ்ஞானம் என்றாள். அதைப் படித்து என்ன வேலை பார்ப்பாய் என்று லயமே கேட்டது. நியாயமான கேள்விதான். பட்டம் வாங்கிய பிறகு அவளுக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

மேலே படிக்க வேண்டும் என்றால் காசு வேண்டும். காசு இல்லாதவர்கள் முழுச் செலவையும் பல்கலைக்கழகமே ஏற்கிற கலாநிதிப் படிப்பை, பி.எச்டி.யைத் தேட வேண்டும். தனுஜா தேடினாள். சிக்னல் கிடைக்கிற பாறை மேலே உட்கார்ந்து, போனில் ஒவ்வொரு நாட்டு விளம்பரமாகப் படித்தாள். உலகின் எந்தப் பகுதியில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று மேலே பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஆங்கிலப் பரீட்சைச் சான்றிதழ், அச்சில் வந்த ஆய்வுக் கட்டுரைகள், இதற்கு முன்னால் வேலை செய்த ஆய்வுகூடம் என்று அடியில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போகும். படித்து முடிக்கும்போது அந்த உலகத்தில் ஊசிக்கல் இல்லை என்பது விளங்கிவிடும். இருந்தும் அனுப்பினாள். பதில் வராதவை பாதி. மிகுந்த வருத்தத்துடன் என்று தொடங்கியவை மீதி. யாருக்கு வருத்தம் என்றுதான் அவளுக்குக் கடைசி வரை புரியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பதுளை கம்பஸில் படிப்பிக்கிற கலாநிதி இத்ரூஸின் ஆய்வுத் திட்டத்தில் அவளுக்குத் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. இத்ரூஸ் பதுளை பஸாரில் புடவைக் கடைக்காரரின் மகன். படிப்பால் மேலே வந்தவர், குரலை உயர்த்தாதவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவரோடு சேர்ந்து ஊவா மாகாணத்துக் குடிநீரை ஆராய முன்வந்தது. அதோடு ஒரேயொரு கலாநிதி இடம், முழு உதவித்தொகையோடு. அந்தப் பகுதியைச் சேர்ந்தவருக்கு முன்னுரிமை என்றும் எழுதியிருந்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது மாதிரி என்று இத்ரூஸே சொன்னார். தேயிலை மலைகளுக்குக் கீழே குடியிருக்கிறவர்களின் தண்ணீர் என்று தலைப்புக் கொடுத்து, முழுத் திட்டத்தையும் தனுஜாவே எழுதினாள். ஊசிக்கல்லும் மொனராகலைப் பக்கத்துக் கரும்புக் கிராமங்களும் ஆய்வு நடக்கும் இடங்கள். முதலில் இரண்டு இடத்திலும் தண்ணீர் பிடித்துப் பரிசோதிக்க வேண்டும். அந்த முடிவை வைத்து அவளுக்குக் கலாநிதி இடம் உறுதியாகும்.

போத்தல்களை எடுத்துக்கொண்டு தன் லயத்துக்குப் போகத் தயாராக நின்றவளை இத்ரூஸ் கூப்பிட்டார். சொந்தத் தோட்டம், சொந்தச் சனம், நாளைக்கு யாராவது பக்கச்சார்பு என்று சொல்லிவிடுவார்கள் என்றார். அவளை மொனராகலைக்கு அனுப்பினார். ஊசிக்கல்லுக்கான போத்தல்களும் ஐஸ் பெட்டியும் தோட்டத்துச் சனத்தின் நலன் பார்க்கிற உத்தியோகத்தர் வெல்பெயார் ஐயாவின் கைக்குப் போயின. லயத்தில் பிறந்தவள் தண்ணீர் பிடித்தால் பக்கச்சார்பு. தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் சம்பளம் வாங்குகிறவர் பிடித்தால் நடுநிலைமை. வேலிக்கு ஓணான் சாட்சி என்று சும்மாவா சொன்னார்கள். தனுஜாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரே ஒரு இடம். அது அவர் கையெழுத்தில் தொங்குகிறது. விழுங்கிக்கொண்டு மொனராகலை பஸ்ஸில் ஏறினாள்.

பரிசோதனை முடிவு வந்தது. மொனராகலைத் தண்ணீர் கெட்டிருந்தது, எதிர்பார்த்தபடி. ஊசிக்கல் தண்ணீர் சுத்தம். ஒரு வீடு தவறாமல் சுத்தம். மருந்தும் இல்லை, கிருமியும் இல்லை, எல்லாக் காம்பராவுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே அச்சில் வார்த்தது போல. தனுஜா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வுகூடத்தில் மாறிப் போயிருக்குமோ என்று கேட்டாள். இல்லை என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ ஒரே சந்தோஷம்: கெட்ட தண்ணீருக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? ஊசிக்கல்லை முன்மாதிரித் தோட்டமாக வைத்துத் திட்டத்தை மாற்றி எழுதச் சொன்னார்கள். இடம் அநேகமாக அவளுக்குத்தான், பேராசிரியை ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டு உறுதி செய்வார் என்றார்கள். இத்ரூஸ் அறிக்கையில் கையெழுத்திட்டார். அதன் பிரதியைத் தொரை கண்ணாடி போட்டுத் தேயிலை பெக்டரி வாசலில் மாட்டினார்.

அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்தவளுக்கு அம்மா பெரியாயி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மகள் சீமைக்குப் போகப் போகிறாள் என்று லயத்துக்கே சொல்லி முடித்திருந்தாள். பேச்சுவாக்கில், போத்தல் விஷயத்தில் நம்ம லயம் மானத்தைக் காப்பாற்றிவிட்டது என்றாள். தனுஜாவுக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை.

"எப்புடி காப்பாத்துனீங்க?"

"பின்ன, நம்ம கொழா தண்ணியவா குடுக்குறது? வெளிநாட்டுக்காரங்க பாத்தா மூக்க பொத்திக்க மாட்டாங்க? வந்தவங்க கொடத்துல இருந்துதான் ஊத்திக் குடுத்தோம். எல்லா வீட்டுலயும் அப்புடித்தான் புள்ள."

வந்தவங்க குடம் என்பது ஊசிக்கல்லில் வீட்டுக்கு வீடு உண்டு. சில வீட்டில் பித்தளை, பல வீட்டில் நீல நிறப் பிளாஸ்டிக். ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிடுகிற இடத்தைத் தோட்டத்தில் பீலி என்பார்கள். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற மலை உச்சியில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பீலி இருக்கிறது. திருவிழாவுக்குக் கரகத்தில் நீர் நிரப்பிக் கரகம் பாலிப்பது அங்கேதான். கண்ணாடி மாதிரித் தண்ணீர். வேலை முடிந்து வந்த காலோடு அவ்வளவு தூரம் ஏறி இறங்கி, ஒரு குடம் கொண்டுவந்து மூடி வைப்பார்கள். அது வீட்டுச் சனத்துக்கு இல்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள், பிள்ளைகளின் டீச்சர், மருத்துவிச்சி, சங்கத்து ஆட்கள் என்று வெளியிலிருந்து யார் வந்தாலும் அதிலிருந்துதான். வந்தவர் வாயில் லயத்துத் தண்ணீர் படக் கூடாது. பட்டால் அந்த வீட்டுக்கே இழுக்கு. ஆகவே போத்தலைக் கண்டதும் பணிய லயத்துப் பெண்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். வெல்பெயார் ஐயா வாசலில் நின்றபடியே வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டார். எங்கேயிருந்து ஊற்றினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்கு என்ன தலையெழுத்து?

தனுஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. அம்மா மேல் வந்தது. தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தச் சாயத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஊராருக்குத் தீர்த்தம் சுமக்கிற இந்தச் சனத்தின் மேல் வந்தது. தன்னை மொனராகலைக்கு அனுப்பிய மனுஷர் மேல் எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது. அவள் ஒருத்தி கூட நின்றிருந்தால் குடத்தைத் திறக்கும்போதே தடுத்திருப்பாள். கோயில் பீலியிலிருந்து லயத்துக்குப் புதுக் குழாய் இழுத்துத் தரச் சொல்லி எத்தனையோ காலமாகக் கேட்கிறார்களே, அதற்குப் போன வாரம் ஆபீசில் என்ன பதில் கிடைத்தது என்று அம்மாவிடம் கேட்டாள். தண்ணீர் நல்ல தண்ணீர் என்று வெளிநாட்டிலேயே சொல்லிவிட்டார்கள், இனிக் குழாய் எதற்கு என்று தொரை சொன்னதாகப் பெரியாயி சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிப் போனது.

"நீங்க குடுத்த தண்ணிய வச்சுத்தாம்மா நம்ம வாயில மண்ண போடுறாங்க," என்றாள் தனுஜா.

பெரியாயி அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

மறுநாளே தனுஜா பதுளைக்குப் போய் இத்ரூஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அறிக்கையைத் திருப்பி எடுக்க வேண்டும், மறுபடி தண்ணீர் பிடிக்க வேண்டும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். இப்போது திருப்பி எடுத்தால் இந்த வருடத்துக் காலக்கெடு போய்விடும், ஒரு அறிக்கை பிழை என்றால் திட்டத்தையே சந்தேகப்படுவார்கள், பட்டியலில் அடுத்த ஆள் கொழும்பில் காத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் கொடுமை.

"மொதல்ல எடத்த எடுங்க தனுஜா. உள்ளுக்குப் போன பொறகு நீங்களே சரியாப் புடிச்சு, நீங்களே திருத்தலாம்தானே. ஒங்களுக்காகத்தான் சொல்றேன்."

"அது வரைக்கும் எங்க புள்ளைங்க எதக் குடிக்கிறது சேர்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு மேசைத் தாள்களை அடுக்கினார். அதற்கு மேல் போக அவளிடம் துணிச்சல் இல்லை. பேராசிரியைக்குத் தானே எழுதிவிடலாம் என்று போனை எடுப்பாள், வைப்பாள். பாறை மேலே உட்கார்ந்து கழித்த சாயங்காலங்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வரும். இந்த இடத்தை விட்டால் இன்னொன்று இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார்கள். அதை மறைக்கிற சோறும் தன்னுடைய எதிர்காலமாக இருக்கிறதே என்று குமைந்தாள். கடைசியில், பேராசிரியை வருகிற அன்று நேரிலேயே சொல்லிவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. லயத்து முன்பக்கத்துக்கு மட்டும் வெள்ளை அடித்திருந்தார்கள். கானில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். பேராசிரியை நடுத்தர வயதுக்காரி, மலையேறியதில் முகம் சிவந்து வியர்த்திருந்தது. ஒரு பக்கம் தொரை, மறுபக்கம் இத்ரூஸ். தோட்டத்தின் நிர்வாகத் திறமையைப் பற்றித் தொரை பேசினார், தனுஜாவின் திறமையைப் பற்றி இத்ரூஸ் பேசினார். இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை நுழைக்க அவளுக்கு இடைவெளி கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றிரண்டு சமயத்திலும் அந்த ஒரே இடம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். விண்ணப்பக்காரியின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியை ஆசைப்பட, எல்லாரும் கடைசிக் காம்பராவுக்கு வந்தார்கள்.

பெரியாயி நல்ல சேலை கட்டியிருந்தாள். விருந்தாளிகளைக் கதிரையில் உட்கார வைத்தாள். வந்தவங்க குடம் மூலையில் மூடியபடி இருந்தது. அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தட்டில் மூன்று கிளாஸை அடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். லயத்துக் குழாயைத் திறந்தாள். முந்தின இராத்திரி நல்ல மழை. சாய நிறத் தண்ணீரைக் கிளாஸ் நிரம்பப் பிடித்து, அதே தட்டில் கொண்டுவந்து மூன்று பேர் முன்னாலும் நீட்டினாள். சுவரோடு நின்ற அயல் வீட்டுப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். ஊசிக்கல்லில் வந்தவர் ஒருவருக்கு அந்தத் தண்ணீரை யாரும் கொடுத்ததில்லை. தட்டில் கிளாஸ்கள் உரசுவது கேட்டது.

பேராசிரியை மரியாதை தெரிந்தவள். ஏழை வீட்டில் கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று நினைத்தாளோ, சிரித்துக்கொண்டே ஒரு கிளாஸை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது இத்ரூஸின் கை. தண்ணீர் சிந்தி அவள் உடுப்பை நனைத்தது.

அந்த ஒரு கணத்தில் மனுஷன் மனுஷனாகத்தான் இருந்தார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் ஏன் தடுத்தீர்கள் என்று பேராசிரியை ஆங்கிலத்தில் கேட்டபோது, பயணத்தில் வந்தவர்களுக்குப் புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று ஏதோ முனகினார்.

"ரிப்போட்ல நல்ல தண்ணின்னுதான சேர் இருக்கு," என்றாள் தனுஜா. "குடிக்கட்டும். நீங்களும் குடிங்க. தொரையும் குடிக்கட்டும்."

தொரை எழுந்து வாசலைப் பார்த்தார். யாரும் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு தனுஜா நிறுத்தவில்லை. குடத்தைத் திறந்து காட்டி, போத்தலில் போனது எந்தத் தண்ணீர், தன் அப்பா டாங்கி கழுவியது எந்தக் கான், தன்னை ஏன் மொனராகலைக்கு அனுப்பினார்கள் என்று ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் பேசியது ஒரு வார்த்தை விளங்காமலே பெரியாயி தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

இவ்வளவுக்குப் பிறகு நியாயம் கிடைத்திருக்க வேண்டும். கதையென்றால் கிடைத்திருக்கும். பேராசிரியை திரும்பிப் போய் அறிக்கையை ரத்துச் செய்தாள், அது வரை சரி. அறிக்கை ரத்தானதால் ஊசிக்கல் பட்டியலிலிருந்து எடுபட்டது. மறுபடி தண்ணீர் பிடிக்கத் தோட்ட நிர்வாகம் அனுமதி மறுத்தது. அனுமதி இல்லாத இடத்தில் ஆய்வு இல்லை, ஆய்வு இல்லாதவளுக்கு இடம் இல்லை. உதவித்தொகை மொனராகலை ஆய்வுக்கு மாறிக் கொழும்புக்காரருக்குப் போனது. தனுஜாவுக்கு வந்த மின்னஞ்சலில் அவளுடைய நேர்மையை இரண்டு இடத்தில் பாராட்டியிருந்தார்கள். நேர்மைக்கு உதவித்தொகை கிடையாது போலும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று லயத்தில் சிலர் அனுதாபப்பட்டார்கள், வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம் என்று சிலர் புத்தி சொன்னார்கள். ரத்தான அறிக்கை பெக்டரி வாசலில் இன்னும் கண்ணாடிக்குள் தொங்குகிறது. அதைக் கழற்றச் சொல்ல எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரம் இல்லையாம்.

இப்போது தனுஜா பண்டாரவளையில் ஒரு டியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து, தன் வீட்டுக் குழாயில் தன் கையாலேயே தண்ணீர் பிடிக்கிறாள். சொந்த வீட்டில் தண்ணீர் பிடிக்க எந்தத் தொரையின் அனுமதியும் வேண்டாம் என்று சண்டைக்கு நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் அவர்கள் வீட்டுக் குழாயில் பிடித்து அவள் கையில் கொடுக்கிறார்கள். கம்பஸ் ஆய்வுகூடத்தில் அதைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தவர் இத்ரூஸ். இந்த வருடம் அவள் அனுப்புகிற விண்ணப்பங்களுக்கெல்லாம் சிபாரிசுக் கடிதமும் அவரே கொடுக்கிறார். அவள் வாங்கிக்கொள்கிறாள். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னால் மட்டும் வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிடுகிறாள்.

போன மாதம் வெல்பெயார் ஐயா ஏதோ கணக்கெடுக்கப் பணிய லயத்துக்கு வந்தார். நல்ல வெயில். கடைசிக் காம்பரா வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். வந்தவங்க குடம் இப்போது அந்த லயத்தில் எந்த வீட்டிலும் இல்லை. கோயில் பீலிக்கு ஏறுகிறார்கள்தான், கொண்டுவருவதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். பெரியாயி குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்து அவரிடம் நீட்டினாள். அவர் கிளாஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தாகம் இல்லை என்றார்.

"குடிங்க ஐயா," என்றாள் பெரியாயி. "நீங்க கொண்டுபோய்க் குடுத்த நல்ல தண்ணிதான்."

பக்கத்து வாசல்களில் பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கிளாஸ் தண்ணீர் இருந்தது.